பிளெண்டரில் குத்துவிளக்கு: ஐந்து முகமும் ஒரு கோடும்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அந்தக் கோடு போய்விட்டது. மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாத கோடு. பிளெண்டர் என்ற 3டி மாடலிங் மென்பொருளில் நான் செய்யும் குத்துவிளக்கின் எண்ணெய்த் தட்டில் ஐந்தாவது முகமும் முதல் முகமும் சேரும் இடத்தில், முடி அகலத்துக்கு ஒரு பிளவு. களிமண் நிறத்தில் பார்த்தால் தெரியாது. பித்தளை மெட்டீரியல் போட்டதும் வெளிச்சம் அந்த இடத்தில் உடைந்து நிற்கும். அது போன சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மல்டிமீடியா வகுப்பில் இந்த செமஸ்டருக்கு 'வீட்டிலிருக்கும் ஒரு பொருள்' என்பதுதான் பிராஜெக்ட். 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டு டீ பாட்டைத்தான் கணினியில் மாடல் செய்தார், இன்றைக்கும் அதை வைத்து ரெண்டர், அதாவது மாடலைப் படமாக்கும் வேலையை, சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சார் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் சொம்பும் டம்ளரும் எடுத்தார்கள். நான் பாட்டி வீட்டு நாச்சியார்கோயில் விளக்கை எடுத்தேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்து வச்சிடணும்" என்று சொல்லித்தான் பாட்டி கொடுத்தார். அதனால் எனக்குக் கிடைத்தது நான்கு நாள்.

உயரம் 61 சென்டிமீட்டர். தட்டின் சுற்றளவை நூல் சுற்றி அளந்தேன், 47 வந்தது. அப்படியானால் விட்டம் 15. போட்டோவைக் கிட்டத்தில் நின்று எடுக்காமல், கூடத்தின் ஒரு கோடியில் விளக்கை வைத்து, மறு கோடியிலிருந்து ஜூம் செய்து எடுத்தேன். கிட்டத்தில் எடுத்தால் தட்டு வீங்கி, பாதம் சிறுத்து, போட்டோவின் மேல் வரையும் கோடு எல்லாம் பொய்யாகிவிடும்.

பாதமும் தண்டும் ஒரு மணி நேர வேலை. பாதி வடிவத்தைக் கோடாக வரைந்து ஸ்க்ரூ மாடிஃபையரில் சுற்றினால் போதும் (மாடிஃபையர் என்பது வடிவத்தின் மேல் தானாக வேலை செய்யும் கருவி). அது வேறொன்றுமில்லை, நம் ஊர் கடைசல்தான். பட்டறையில் உளி நகர்கிறது, இங்கே புள்ளிகள் நகர்கின்றன. தண்டில் வரும் ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் நெருக்கமாக ஒரு புள்ளி வைத்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும். இதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

தட்டுதான் படுத்தியது. அதையும் ஸ்க்ரூவிலேயே சுற்றிவிட்டு, முகங்களை வெளியே இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஸ்க்ரூவில் ஸ்டெப்ஸ், அதாவது ஒரு சுற்றை எத்தனை துண்டாக்குவது என்பது, 16 என்று இருக்கும். 16 ஐந்தால் வகுபடாது. நான் அதை யோசிக்காமல் 32, 64 என்று ஏற்றிக்கொண்டே போனேன், ஒரு முகம் மட்டும் எப்போதும் அகலமாக வந்தது. 40 போட்ட பிறகு முகத்துக்கு எட்டு என்று சரியாக விழுந்தது. ஆனால் ஐந்தையும் கையால் இழுத்தால் ஐந்தும் ஐந்து விதம்.

சனிக்கிழமை பஸ் ஏறி நாச்சியார்கோயிலுக்கே போய்விட்டேன். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் கொஞ்ச தூரம்தான். ஒரு பட்டறையில் விளக்கு செய்யும் பத்தர் ஒருவர் வார்ப்பிலிருந்து எடுத்த தட்டைக் கையில் கொடுத்தார். காவிரி வண்டல் ஒட்டிக்கொண்டிருந்தது, மேலெல்லாம் சொரசொரப்பு. ஆனால் ஐந்து முகமும் அதிலேயே இருந்தன. "முகம் அச்சுல வந்துடும் தம்பி, கடைசல்ல வராது" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் கடைசலில் வராததைக் கடைசலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வந்ததும் தட்டை அழித்துவிட்டு, ஒரு முகத்தில் பாதியை மட்டும் செய்தேன். ஐந்து முகம் என்றால் ஒன்றுக்கு 72 டிகிரி, பாதிக்கு 36. அந்த 36 டிகிரித் துண்டில் திரி படுக்கும் மூக்கை மட்டும் நன்றாக வளைத்து எடுத்தேன். அதன் மேல் மூன்று மாடிஃபையர்: முதலில் பாதியைக் கண்ணாடி போல மறுபக்கம் காட்டும் மிரர், அப்புறம் நகல்களை அடுக்கும் அரே, கடைசியில் வழவழப்பாக்கும் சப்டிவிஷன். இந்த வரிசை மாறக் கூடாது. சப்டிவிஷன் முன்னால் போனால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வழவழப்பாகி, சேரும் இடங்களில் மடிப்பு விழும்.

அரேயில் ஆப்ஜெக்ட் ஆஃப்செட்டைத் தேர்ந்தெடுத்து, தட்டின் நடுவில் ஒரு எம்ப்டியை (படத்தில் தெரியாத வெறும் குறிப்புப் புள்ளி) வைத்து 72 டிகிரி திருப்பினேன். ஐந்து முகமும் சங்கு மாதிரி சுருண்டு பெரிதாகிக்கொண்டே போயின, கடைசி முகம் முதலாவதைப் போல இரண்டு மடங்கு. காரணம், தட்டின் ஸ்கேல், அதாவது சுருக்கிய விகிதம், 1 ஆக இல்லாமல் 0.83இல் நின்றது, அந்த வித்தியாசம் ஒவ்வொரு நகலிலும் பெருகியது. கன்ட்ரோல் ஏ போட்டு ஸ்கேலை அப்ளை செய்து 1 ஆக்கியதும் வட்டம் வட்டமாக நின்றது.

அடுத்தது மெர்ஜ், பக்கத்துத் துண்டுகளின் புள்ளிகளை ஒட்டவைக்கும் அரேயின் வசதி. எவ்வளவு கிட்டத்தில் இருந்தால் ஒட்டும் என்ற தூரம் 0.01 மீட்டர் என்று வரும், அதாவது ஒரு சென்டிமீட்டர். ஒரு வீட்டை மாடல் செய்பவருக்கு அது ஒன்றுமில்லை. 15 சென்டிமீட்டர் தட்டுக்கு அது மிகப் பெரிய தூரம். தண்டை நெருங்க நெருங்கப் புள்ளிகள் ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடுவதால், பக்கத்துத் துண்டோடு சேர வேண்டியது ஓரப் புள்ளிகள் மட்டுமாக இல்லாமல் உள்ளே இருப்பவையும் போய் ஒட்டிக்கொண்டன. தட்டின் நடுவில் சுருக்கம் விழுந்தது. 0.0001 ஆக்கினேன், நான்கு இணைப்பும் சுத்தமாக மூடின.

ஐந்தாவது இணைப்புதான் அந்தக் கோடு. புள்ளிகளை நகர்த்தினேன், எம்ப்டியை அழித்துப் புதிதாக வைத்தேன், நார்மலை, அதாவது பரப்பு பார்க்கும் திசையை, திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. மெர்ஜ் ஒவ்வொரு துண்டையும் அடுத்த துண்டோடுதான் ஒட்டுகிறது, ஐந்தாவதுக்கு அடுத்தது இல்லை. அதே மெர்ஜுக்குள் ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் முதலும் கடைசியும் சேர்ந்துகொள்கின்றன. அவ்வளவுதான். வட்டமாக அரே செய்கிற எல்லோருக்கும் இது வேண்டும், ஆனால் நான் பார்த்த ஏழெட்டு வீடியோவில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றையொன்று தொடாத இதழ்கள், அதனால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

வீடியோ என்றதும் இன்னொன்று. பழைய பாடங்களில் ஆட்டோ ஸ்மூத்தை (கூர்மையான விளிம்பை விட்டுவிட்டு மற்றதை வழவழப்பாகக் காட்டும் வசதி) டேட்டா டேப் என்ற பகுதியில் டிக் செய்யச் சொல்வார்கள். பிளெண்டர் 4.1 பதிப்பிலிருந்து அது அங்கே இல்லை, மாடிஃபையராக மாறிவிட்டது. வகுப்பு லேப் கணினியில் 3.6, வீட்டில் 4.2 என்று நான் இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறேன்.

பித்தளைக்கு மெட்டாலிக் 1, அதாவது முழு உலோகம். சுற்றிலும் பிரதிபலிக்க எதுவும் இல்லாவிட்டால் உலோகம் கறுப்பாகத்தான் தெரியும். பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எச்டிஆர் (சுற்றுப்புறத்தையும் அதன் வெளிச்சத்தையும் தரும் படம்) ஒன்றைப் போட்டேன், உயிர் வந்துவிட்டது. ரஃப்னஸை, அதாவது சொரசொரப்பை, ஒரே அளவில் விடாமல், விரல் படும் தண்டில் குறைத்து, புளி போட்டுத் தேய்த்தாலும் எட்டாத வளைய இடுக்குகளில் கூட்டியிருக்கிறேன். பாட்டி வீட்டு விளக்கு அப்படித்தான் இருக்கிறது.

இதை நிஜ அளவில் நான்கில் ஒரு பங்காக 3டி பிரிண்ட் எடுக்கும் ஆசையும் வந்துவிட்டது. விசாரித்த கடையில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்குக்கு கிராமுக்கு 7 ரூபாய் சொன்னார்கள். நிஜ விளக்கைப் போலவே பாதம், தண்டு, தட்டு, உச்சியில் நிற்கும் பிரபை என்று நான்காகப் பிரித்து, திருகி மாட்டும்படி மரையும் வைத்துக் கொடுக்கப் பார்க்கிறேன். மரைக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஒரு சின்னத் துண்டை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முழுதையும் கொடுப்பேன்.

பிரபைதான் இன்னும் மிச்சம். உச்சியில் அன்னம். களிமண்ணைப் போல வடிக்கும் ஸ்கல்ப்ட் முறையில் கழுத்தும் அலகும் ஓரளவு வந்துவிட்டன, தோகையின் சுருள் வரவில்லை. போட்டோவில் பின்பக்கம் நிழலில் போய்விட்டது, விளக்கோ பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது. பிரபையை மட்டும் கழற்றித் தரச் சொல்லிப் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் சனிக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.