நூல் நேராகத் தொங்கினால்தான் ஜிக் ஆடும்

கைத்தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு ஜிக்கிங், அதாவது உலோக இரையை ஆட்டி மீன் பிடிப்பது, பெரிய புதுமையல்ல. ஈயம் நிலத்தைத் தட்டியது விரலுக்குத் தெரிந்ததா, தங்கூசி (நைலோன் நூல்) நேராக நிற்கிறதா, பக்கத்தால் இழுபடுகிறதா என்று பார்க்கிற அதே கவனம்தான் இதற்கும் வேண்டும். மாறியது இரை மட்டும். இறாலும் கணவாயும் கொழுவத் தேவையில்லை. ஜிக் எனும் 100, 150 கிராம் உலோகத் துண்டு ஒன்று, நம் கை கொடுக்கிற ஆட்டத்தில் அடிபட்ட சூடைபோலத் துடிக்க வேண்டும். நூல் செங்குத்தாக நிற்கும்வரைதான் அந்தத் துடிப்பு. நூல் சரிந்துவிட்டால் ரொட்டை (தூண்டில் கம்பை) எவ்வளவு தூக்கினாலும் ஜிக் எழும்பாது, பக்கவாட்டில் இழுபடும். பாரில், அதாவது கடலடிக் கற்பாறையில், போய்ச் சிக்கும். நூலின் தடிப்பு, ஜிக்கின் நிறை, போட்டை மிதக்க விடும் விதம் மூன்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஒரு கணக்கு. 60 மீற்றர் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 33 பாகத்தில், நூல் செங்குத்திலிருந்து 30 பாகை சரிந்தால் நிலம் தொட 69 மீற்றர் நூல் போகும். 45 பாகை சரிந்தால் 85 மீற்றர். 30 பாகையைத் தாண்டியதும் ஜிக்கை மேலே எடுத்து விடுங்கள். நிறையைக் கூட்டுங்கள், அல்லது எஞ்சினைப் போட்டு நீரோட்டத்துக்கு எதிராக மேலே ஏறி மறுபடி தொடங்குங்கள். "இன்னும் கொஞ்சம் விடுவோம்" என்று நூலை அவிழ்த்துக்கொண்டே போவதில்தான் பாதி ஜிக்குகள் கடலுக்குப் போகின்றன.

முதலில் நூல். பிரெய்ட் எனும் பின்னல் நூலில் எழுதியிருக்கும் பி.ஈ. எண் தடிப்பைச் சொல்கிறது, பலத்தை அல்ல. பி.ஈ. 2 என்றால் சுமார் 0.235 மி.மீ., பி.ஈ. 3 என்றால் 0.285 மி.மீ. பலம் கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதால் இறாத்தல் எண்ணைத் தனியாகப் பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரைக்கு வெளியே 30 முதல் 80 மீற்றர் வரையான ஆழத்துக்குப் பி.ஈ. 2 அல்லது 3 போதும். பெரிய மீன் வரும் என்ற ஆசையில் பி.ஈ. 5 சுற்றுகிறவர்கள் உண்டு. தடித்த நூலை நீரோட்டம் பாய்போலப் பிடித்துத் தள்ளும், அதைச் சமாளிக்க 250 கிராம் ஜிக் போட வேண்டிவரும், ஒரு மணித்தியாலத்தில் தோள் விட்டுவிடும். எட்டு இழை நூல், 10 மீற்றருக்கு ஒரு நிறம் மாறுவதாக வாங்குங்கள். எதிரொலி மானி இல்லாத வள்ளத்தில் ஆழம் சொல்லுவது அந்த நிறம்தான்.

புது நூலை ரீலின் வெறும் ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளையில்) நேரடியாகச் சுற்றினால் முழுச் சுருளும் வழுக்கிச் சுழலும். ட்ராக் (மீன் இழுக்கும்போது நூலை நழுவவிடும் பிரேக்) பழுது என்று ரீலைக் கழற்றிப் பார்ப்பார்கள். அடியில் நாலைந்து மீற்றர் தங்கூசியைச் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்ட்டைக் கட்டுங்கள். சுற்றும்போது ஒருவர் ஈரத்துணியால் நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்வாகச் சுற்றிய நூலில் பெரிய பாரை ஒன்று இழுத்தால் மேல் நூல் அடி நூலுக்குள் புதைந்து நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் அறுந்துவிடும்.

ரொட் ஐந்தரை அடி முதல் ஆறு அடி வரை போதும். நீளமான ரொட் எறிவதற்கு நல்லது. நேரே கீழே இறக்கி நேரே மேலே தூக்கும் வேலையில் அது மீனுக்குத்தான் நெம்புகோல். ரீல் ஸ்பின்னிங் என்றால் 6000 முதல் 8000 வரையான அளவு, 300 மீற்றர் நூல் கொள்ளுவதாக இருக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஓவர்ஹெட் ரீல் (ரொட்டுக்கு மேலே உட்காரும் உருளை ரீல்) தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மெதுவான ஆட்டத்துக்கு அது அருமையான சாமான், ஆனால் இறக்கும்போது பெருவிரலால் ஸ்பூலைக் கட்டுப்படுத்தத் தெரியாவிட்டால் நூல் குருவிக்கூடாகிவிடும்.

ட்ராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து "சரி" என்று சொல்லாதீர்கள். நூலை ரொட்டின் வளையங்களுக்குள்ளால் எடுத்து, கொளுவித் தராசில் கட்டி, ரொட் வளையும்படி இழுங்கள். நூலின் பலத்தில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை காட்டும்போது ட்ராக் நழுவத் தொடங்க வேண்டும். 18 கிலோ தாங்கும் நூலென்றால் ஐந்து கிலோவில் வையுங்கள்.

இனி முடிச்சு. காசு மிச்சம் பிடிப்பதென்றால் ரொட்டில் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

பிரெய்ட்டின் நுனியில் 3 மீற்றர் அளவு ஃபுளோரோகார்பன் லீடர் (நுனியில் கட்டும் தனி நூல்), 40 முதல் 60 இறாத்தல் வரை. இரண்டையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. பிரெய்ட்டை விறைப்பாக வைத்துக்கொண்டு லீடரை அதன்மேல் ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் மாறி மாறிக் கொண்டுவர வேண்டும், 20 சுற்று. பிறகு பிரெய்ட்டின் நுனியால் லீடரையும் நூலையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சு. அடுத்ததுதான் பலர் விடுகிற இடம்: எச்சில் தொட்டு, கையில் துணி சுற்றி, லீடரையும் பிரெய்ட்டையும் பலமாக இழுக்க வேண்டும். சுற்றுகள் லீடருக்குள் கடித்து, நிறம் சற்றுக் கருக்கும்வரை இழுங்கள். அதன் பிறகே லீடரின் மிச்சத்தை ஒட்ட வெட்டி, வெறும் நூலின் மேல் இன்னும் ஐந்தாறு அரைமுடிச்சு போடுங்கள். நகத்தால் தள்ளும்போது முடிச்சு அசைந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். எஃப்.ஜி. முடிச்சு இறுக்காததால் வழுக்கும், அல்லது காய்ந்த நிலையில் இறுக்கியதால் சூடேறிக் கருகும். ஆடுகிற போட்டில் இதைக் கட்ட முடியாது என்பவர்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று ஸ்பூல்களில் கட்டிக்கொண்டு போகலாம்.

கீழ்முனையில் லீடரைத் திட வளையத்தில் (பிளவில்லாத உலோக வளையத்தில்) கட்டுங்கள். அசிஸ்ட் ஹூக்கின், அதாவது ஜிக்கோடு கயிற்றில் தொங்கும் ஹூக்கின், கெவ்லார் கயிறும் அதே திட வளையத்தில்தான் வர வேண்டும். ஜிக்கை மட்டும் ஸ்பிலிட் வளையத்தால் (பிளந்து திறக்கும் வளையத்தால்) அதில் கொளுவுங்கள். அப்போது மீனின் இழுவை ஹூக், கெவ்லார், திட வளையம், லீடர் என்று நேரே போகும்; ஸ்பிலிட் வளையம் ஜிக்கின் பாரத்தை மட்டுமே தாங்கும். மாறி, ஸ்பிலிட் வளையத்தில் லீடரைக் கட்டினால் மீனின் இழுவையில் வளையம் விரியலாம், அல்லது அதன் வெட்டு விளிம்பு லீடரை அறுக்கும். 100 முதல் 150 கிராம் வரையான ஜிக்குக்கு 3/0 முதல் 5/0 வரை ஹூக் போடலாம். தொங்கும் ஹூக் ஜிக்கின் நடுவைத் தாண்டக்கூடாது. ஹூக்கின் வாய் அகலமும் ஜிக்கின் அகலமும் ஒன்றாக இருந்தால் ஹூக் ஜிக்கையே கவ்விக்கொள்ளும், பிறகு அது கல்லுப்போல விழும். மூன்று முள் ஹூக் பார் நிலத்துக்கு வேண்டாம்.

அறக்குளாவும் சீலாவும் வேறு கணக்கு. ஃபுளோரோகார்பன், கெவ்லார் இரண்டையும் கத்திபோல வெட்டிவிடும். நீளமான கம்பி லீடர் போட்டால் ஜிக்கின் ஆட்டம் செத்துப்போகும். அந்த மீன்கள் ஓடுகிற நாளில் லீடரை 80 இறாத்தலுக்கு ஏற்றி, அசிஸ்ட் ஹூக்கை மட்டும் மெல்லிய கம்பி இழையில் கட்டினால் ஓரளவு தப்பலாம். ஜிக் போகத்தான் போகும். விலை கூடியதை அன்றைக்குப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஜிக்கின் நிறைக்கு ஒரு தொடக்க அளவு: ஒரு மீற்றர் ஆழத்துக்கு இரண்டரை முதல் மூன்று கிராம் வரை. 30 மீற்றருக்கு 80, 50 மீற்றருக்கு 150, 80 மீற்றருக்கு 200 முதல் 250. நீரோட்டம் இழுக்கும் நாளில் அதற்கும் மேலே. ஒல்லியான நீள ஜிக் வேகமாக இறங்கும், வேகமான ஆட்டத்துக்கு ஏற்றது. அகலமான குட்டை ஜிக் இலைபோலத் தளம்பி விழும். நீரோட்டம் குறைந்த வேளையில் மட்டும் அதை எடுங்கள். ஈயம் உருக்கி வீட்டிலே வார்க்கிறவர்கள் நடுவே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை முழு நீளத்துக்கும் ஓடவிட வேண்டும், இரு முனையிலும் தனித்தனிக் கொக்கி செருகினால் உருவிக்கொண்டு வரும். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். வெளியில், காற்றுப் படும் இடத்தில் செய்யுங்கள்.

கடலில் முதல் வேலை போட் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் சும்மா மிதக்க விடுங்கள். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தள்ளும் திசை தெரிந்ததும், அதற்கு எதிர்ப்பக்கமாகப் பாருக்கு 100 மீற்றர் மேலே ஏறி அங்கிருந்து மிதந்து வாருங்கள். காற்று கூடினால் கடல் பரசூட்டை முன்னணியத்தில் கட்டி விட்டால் வேகம் குறையும், நூல் நிமிரும். எல்லாரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும், நூல் போட்டுக்கு அடியில் போகாத பக்கத்தில்.

ஜிக்கை இறக்கும்போது நூலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எதிர்பார்த்த நிறம் வருவதற்கு முன்னே நூல் நின்றால் அது நிலமல்ல, மீன். உடனே ரீலின் பெயிலை (நூலைத் திறந்துவிடும் கம்பி வளைவை) மூடிச் சுற்றுங்கள். அறக்குளாவும் சூரையும் பலநேரம் இறக்கத்திலேயே அடிக்கும். நிலம் தொட்டால் நூல் தொய்யும். தொய்ந்த உடனே இரண்டு மூன்று சுற்று வேகமாகச் சுற்றிப் பார்க்கல்லைவிட்டு எழுப்புங்கள். அங்கே ஒரு விநாடி யோசித்தால் ஜிக் கல்லுக்குள் இருக்கும்.

வேகமான ஆட்டத்தில் ரொட்டின் அடியைக் கக்கத்தில் வைத்து, ஒரு தூக்கலுக்கு ஒரு சுற்று என்று தாளம் தவறாமல் செய்ய வேண்டும். அடியிலிருந்து 15, 20 மீற்றர் உயரம்வரை ஏற்றி, மறுபடி இறக்கி, மூன்று தரம் செய்துவிட்டுப் போட்டை இடம் மாற்றுங்கள். பாரை இதற்குத்தான் வரும். மெதுவான ஆட்டம் கலவாய்க்கும் விளைமீனுக்கும். கால் சுற்று, அரைச் சுற்று சுற்றினால் வளைந்த ரொட் நிமிர்ந்து ஜிக்கை உதைக்கும். பிறகு ஜிக் படுத்தபடி விழவேண்டும். மீன் அந்த விழுகையில்தான் கவ்வும். அப்போது கைக்கு இழுவை தெரியாது, பாரம் காணாமல் போனது மட்டும் தெரியும். சுழற்றி அடிக்காமல் தொய்வைச் சுற்றி எடுத்து, பாரம் வந்ததும் தூக்குங்கள். மெதுவான ஆட்டத்து ரொட்டால் மீனை நெம்பக்கூடாது. நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி ரீலால் ஏற்ற வேண்டும். தலைக்கு மேலே நிமிர்த்தினால் முறியும். கலவாய்க்கு முதல் ஐந்து மீற்றர்தான் சண்டை, குகைக்குள் நுழைந்தால் முடிந்தது.

சிக்கினால் பிரெய்ட்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரல் எலும்புவரை அறுக்கும். நூலை ஒரு மரத்துண்டில் சுற்றி, போட்டை நீரோட்டத்துக்கு மேலே கொண்டுபோய் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுங்கள். பாதிக்குப் பாதி கழன்று வரும்.

இடம் பற்றிக் கொஞ்சம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் அதைவிட ஆழம் குறைந்த இடத்தில். மீன் சேருகிற இடங்கள், ஆனால் சுழியோடிகள் இறங்குகிற இடங்களும்கூட. மிதவையோ சுழியோடிப் படகோ கண்டால் அங்கே ஜிக் இறக்கக்கூடாது. கப்பலின் நேர்மேலே போட்டாலும் இரும்பில் சிக்குவதுதான் மிச்சம். ஓரத்து மணலோடு ஒட்டி மிதந்து வந்தால் பாரை கிடைக்கும்.

பருவம் சித்திரை முதல் புரட்டாதி வரை. வாடைக்காலத்தில் கரையைத் தாண்டுவதே ஆபத்து. கச்சான் வீசும் மாதங்களில் வேறொரு பொறி உண்டு: காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுவதால் கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகத் தெரியும், வெளியே போகப் போக அலை ஏறும். எஞ்சின் நின்றால் போட் வெளியேதான் போகும். ஆகவே நீளக் கயிறுடன் நங்கூரம், இரண்டாவது எஞ்சின் அல்லது துடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாம் ஏற்றிய பிறகே ஜிக் பெட்டி.

பிடித்த மீனின் செவுளை உடனே வெட்டி இரத்தம் போகவிடுங்கள். இரண்டு பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு கடல்நீர் கலந்த கரைசலில் முழுதாக அமிழ்த்துங்கள். வெறும் ஐஸ் கட்டி தொட்ட இடத்தை மட்டும்தான் குளிர்விக்கும். சூரையை வெயிலில் விட்டால் ஹிஸ்டமின் உண்டாகும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கை இறுக்கிவிட்டு ரீலை மெதுவாக ஓடும் நன்னீரில் கழுவுங்கள். குழாயைப் பீச்சியடித்தால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். ஜிக்குகளை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஹூக்கின் கூர்முனையை நகத்தில் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம், துரு கண்டால் குப்பை. கெவ்லார் கயிற்றில் பஞ்சு பிரிந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு அது வரக்கூடாது.