பட்டா இல்லாதவர்கள்

குஜராத்தில் நர்மதை ஆற்றில் கட்டிய சர்தார் சரோவர் அணையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "வறண்ட கட்ச் மாவட்டத்துக்குத் தண்ணீர் போனதா இல்லையா?" என்று மடக்குகிறார்கள். போனது. அதே மாநிலத்தின் ராஜ்கோட் நகருக்கு 1986இல் ரயிலில் குடிநீர் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தாகத்தை யாரும் எள்ளி நகையாட முடியாது.

என் ஆத்திரமெல்லாம் அணையால் இழந்தவர்கள் யார் என்று கணக்குப் போட்ட விதத்தின் மேல்தான். நிலம் இழந்தவர்களுக்கு நிலத்துக்கு நிலம் என்று 1979இல் நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் சொன்னது. வயது வந்த மகனைத் தனிக் குடும்பமாக எண்ணியது, மகளை எண்ணவில்லை. தலைமுறைகளாகக் காட்டு நிலத்தை உழுதுவந்த பழங்குடிகளிடம் பட்டா இல்லை, ஆகவே அரசுப் பதிவேட்டில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆற்று மீனுக்கும் இலுப்பைப் பூவுக்கும் யார் பட்டா கொடுப்பார்கள்?

அணைக்கு அருகிலுள்ள கேவடியாவின் கதை இன்னும் மோசம். 1961இல் நேரு அடிக்கல் நாட்டிய காலத்தில், அணைக் குடியிருப்புக்காக ஆறு கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. நிலம் நீரில் மூழ்கவில்லையே, அதனால் அணையால் மூழ்கியவர்களுக்கான மறுவாழ்வு அவர்களுக்குப் பொருந்தாதாம்! இன்று அதே வட்டாரத்தில் 182 மீட்டர் பட்டேல் சிலை, சுற்றுலா விடுதிகள்.

உலக வங்கி அமைத்த மோர்ஸ் ஆய்வுக் குழு 1992இல் குறைகளைப் பட்டியலிட்டது, அடுத்த ஆண்டே அணைக்கான அந்த வங்கியின் கடன் நின்றது. 2000இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் பணியைத் தொடரச் சொன்னது. நீதிபதி பரூச்சா மட்டும் மாறுபட்டார். 2019இல் அணை 138.68 மீட்டருக்கு நிரம்பியபோது மத்தியப் பிரதேசக் கரையோர ஊர்களில் மறுவாழ்வுக்காகக் காத்திருந்தவர்களின் வீடுகளிலும் தண்ணீர் ஏறியது. "வளர்ச்சிக்கு எதிரிகள்" என்ற பட்டம் மட்டும் அவர்களுக்குத் தாமதமில்லாமல் கிடைத்துவிட்டது.