காத்துல வந்துருமுங்க

"காத்துல வந்துருமுங்கய்யா." நான் சொன்னது இவ்வளவுதான். மூன்று வருடமாகியும் மனசு அந்த இடத்திலேயே போய் நிற்கிறது.

குட்டை தூர்வாரும் நாளில், விலங்கியல் வாத்தியாரம்மா என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பொக்லைன் இறங்கியாயிற்று. வண்டல் ஏற்ற டிப்பர்கள் வரிசையில் நின்றன. செம்மறி மேய்க்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, மழ பேஞ்சு ஒரு வாரத்துல மல்லாக்க நீந்துமே ஒரு பூச்சி, இந்த மேமண்ணு பூராம் போச்சுன்னா அது மறுக்கா வருமுங்களா? கரையோரம் ஒரு மூலைய மட்டும் உட்டுறச் சொல்லுங்க."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஸ்ட்ரெப்டோசெபாலஸ் வகை. ஓடில்லாத குட்டி இறால் மாதிரி இருக்கும், கால்களை மேலே வைத்து நீந்தும். குட்டை வற்றுவதற்குள் முட்டையிட்டுச் செத்துவிடும். முட்டைகள் காய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் உறங்கும். அந்த மண்ணைத்தான் அள்ளிக்கொண்டிருந்தோம்.

நான் காற்றைச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "ஆடிக் காத்துல அம்மியே பறக்குதுங்க, முட்டை பறக்காதுங்களா?" என்றும் கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "படிச்சவங்க சொன்னாச் சரிதானுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் சிவாவா பாலைவனத்துப் புழுதியைப் பிடித்து, எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய நீர்விலங்குகள் உயிர்த்து நீந்தின, ஓடுடைய கணுக்காலிகள்கூட அங்கங்கே வந்தன. காற்றுச் சுரங்கம் வைத்தும் சோதித்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1702இல், கூரைக் கால்வாயில் காய்ந்து கிடந்த தூசியை நனைத்து, அதில் உயிர்கள் அசைவதை டச்சு நுண்ணோக்கி ஆய்வாளர் லீவன்ஹூக் பார்த்தார். வருடா வருடம் நான் வகுப்பில் சொல்லும் கதை அது. நம் ஊர்க் காற்றுக்கும் என்ன குறைச்சல்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளை எல்லாம் சுற்றவைக்கிற காற்று.

ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்த மற்றதையும் சொல்ல வேண்டும். அந்தப் புழுதியில் மிகுதியாக வந்தவை கண்ணுக்கே தெரியாத சிறிய உயிர்கள். உருவம் பெரிதாகப் பெரிதாக வரவு குறைந்தது. 1998இல் ஜென்கின்ஸ், அண்டர்வுட் என்ற இருவர், தண்ணீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகள் காற்றிலும் மழையிலும் அவ்வளவு எளிதாகப் பரவுவதில்லை என்றே எழுதினார்கள். போட்ஸ்வானாவின் பாறைக் குழிகளில் மல்லாக்க நீந்தும் இதே கூட்டத்து முட்டைகளைக் காற்று தூக்கிப் போனதைப் பார்த்தவர்களும் குறுகிய தூரம் என்றுதான் சொன்னார்கள். அப்புறம், பாலைவனத்தில் வற்றிய ஏரிப்படுகை வெட்டவெளியாகக் கிடக்கும், காற்று மண்ணை அள்ள முடியும். நம் பக்கத்துக் குட்டைகளில் பாதிக்குச் சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது, மீதியையும் தோண்டிவிட்டோம். எங்கிருந்து எடுத்து வரும்?

இத்தனையும் தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்? பொக்லைன் வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தூர்வார ஏற்பாடு செய்த பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியிருந்தார்கள். தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, இப்போதும் இல்லை. பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்கிறார்கள். ஒரு பூச்சிக்காக வேலையை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பெரியவர் வேலையை நிறுத்தச் சொல்லவில்லையே. ஒரு மூலையைத்தானே கேட்டார்.

அடுத்தடுத்த ஐப்பசி மழைகளில் போய் வலை வீசிப் பார்த்தேன். ரோட்டிஃபர்கள் இருக்கின்றன. அவை காற்றில் வந்தவையா, அடிமண்ணில் மிஞ்சியவையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மல்லாக்க நீந்துவது மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அந்த மூலையை விட்டிருந்தால் பிழைத்திருக்குமா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆழம் கூடியதால் இப்போது தண்ணீர் கோடையிலும் நிற்கிறது, மீன் விட்டிருக்கிறார்கள். காய்ந்து நனைகிற குட்டையில்தான் இந்த உயிருக்கு வாழ்வு, மீன் இருக்கும் இடத்தில் தப்பாது. இதைச் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளும்போதெல்லாம், அவர் துண்டை உதறியதுதான் கண்ணில் வருகிறது. அவர் நாற்பது, ஐம்பது வருடமாகப் பார்த்த குட்டையைப் பற்றிக் கேட்டார். நான் புத்தகத்தில் படித்த காற்றைப் பதிலாகக் கொடுத்தேன்.

போன மாசிதான் ஒன்று தோன்றியது. அந்த வண்டல் எங்கேயும் மறைந்துவிடவில்லை. தென்னந்தோப்புகளுக்குப் போயிற்று. எந்தக் காற்றும் கொண்டுபோகாத அளவு முட்டையை நாங்களே டிப்பரில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். ஒரு தோப்பில் கேட்டு, சொட்டுநீர் படாத வரப்போரத்தில் இரண்டு கிலோ மண் எடுத்து வந்தேன். வெள்ளைத் தட்டில் பரப்பி மழைநீர் ஊற்றினேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

சரி, ஒரே நனைப்பில் எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. அடுத்த மழை பொய்த்தாலும் இனம் தப்பட்டும் என்று ஒரு பங்கு உறங்கியே கிடக்கும். அதனால் தட்டை மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறேன். காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க மேலே வலை கட்டியிருக்கிறேன். மண் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி நனைக்க வேண்டும். பொரித்தால் முதலில் பெரியவரைக் கூட்டி வந்து காட்டுவேன். அப்புறம் எந்தக் குட்டையில் கொண்டுபோய் விடுவது என்று அவரிடமே கேட்க வேண்டும்.