அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

போன வருஷம் ஆனி மாதம் என் அத்தை ஹட்டனில் மகன் வீட்டில் இறந்துபோனார். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தது எல்லாம் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில்தான். மாமாவையும் அங்கேதான் அடக்கம் செய்திருந்தோம். அதனால் எங்கே கொண்டுபோவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. காலையில் குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, பகல் ஒரு மணிக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றினோம்.

தோட்டத்துக் கேட்டில் காவல்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். செத்தவர் பெயர் தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இல்லை, வெளியாளை உள்ளே கொண்டுவந்து புதைக்கத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும் என்றார். துரை கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சின்னத் துரை தானாக முடிவெடுக்கப் பயந்தார். நல்ல மழை. தப்படிக்க வந்தவர்கள் ஈரத்தில் தொய்ந்துபோன தப்பைக் காய்ச்ச நெருப்புக் கூட மூட்ட முடியாமல் ரோட்டோரம் நின்றார்கள். போனில் அனுமதி கிடைக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மேலே போய்ப் பார்த்தால் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். வாளியால் இறைத்து இறைத்து, இருட்டும் நேரத்தில்தான் மூன்று பிடி மண் போட்டோம்.

அம்மா அந்த இரண்டரை மணி நேரமும் வேனுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு, ஈரத்தலையோடு என்னிடம் சொன்னார்: "என்னையும் இப்புடி கேட்டுல போட்டு வச்சிராத பிள்ள."

அம்மாவுக்கு இப்போது 76 வயது. அப்பா 2003-இல் இறந்தார். அதற்குப் பிறகு தங்கச்சியின் கல்யாணம் முடிந்ததும் அம்மாவை நான் ஹட்டனுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அத்தைக்கு நடந்தது அப்படியே அம்மாவுக்கும் நடக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சாவைப் பற்றி வீட்டில் பேசினால் தரித்திரம் என்று வளர்ந்தவள் நான். ஆனால் சாகப்போகிறவரே பேசும்போது வாயைப் பொத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கொழும்பில் இருக்கும் அண்ணனிடம் பேசினேன். அவர் சொன்ன வழி சுலபமானது. கொழும்புக்குக் கொண்டுவந்தால் பொரளை கனத்தை மயானத்தில் தகனம் செய்துவிடலாம், இல்லாவிட்டால் மலைநாட்டிலேயே ஏதாவது ஒரு டவுனில் தகனம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் டவுன் தகனசாலையிலும் விசாரித்தேன். மரணச் சான்றிதழும், விண்ணப்பிக்கிற உறவினரின் அடையாள அட்டையும், கட்டணமும் போதும். எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்குக் கூடுதல். உண்மையிலேயே சுலபம்தான். தகனத்தை விரும்புகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, அந்த நோயில் இறந்த எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருந்ததே, அப்போது முஸ்லிம் குடும்பங்கள் டிவியில் அழுததை அம்மா மறக்கவில்லை. "செத்தவங்களோட விருப்பத்த ஒருத்தரும் கேக்கலியே" என்று அப்போதும் சொன்னார், இப்போதும் சொன்னார். நெருப்புக்குப் பயமா என்று அண்ணன் கேட்டதற்கு, "நெருப்புக்கென்ன பயம்? ஒங்கப்பா அங்க தனியா கெடக்காரு" என்றார். அதற்கு மேல் அண்ணன் பேசவில்லை.

சரி, தோட்டத்து மயானம்தான் என்று முடிவாயிற்று. அது யாருடையது என்று தேடப் போனபோதுதான் எங்கள் நிலைமை எனக்கே புரிந்தது. இந்த நாட்டில் மயானங்களுக்கென்று 1899-இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. டவுன் மயானத்தை நகர சபையோ பிரதேச சபையோ பார்க்கிறது. போய் எழுதிக் கொடுத்துக் கேட்க ஒரு கவுண்டர் இருக்கிறது. தோட்டத்து மயானத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1972-லும் 1975-லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டக் காணி அரசாங்கத்திடம் போனது. 1992-இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடை இருந்தது, 2018-இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆக, காணி அரசாங்கத்துடையது, சாவி கம்பனியிடம், குழி வெட்டுவது நாங்கள். தலைமுறை தலைமுறையாகப் புதைத்து வருகிறோம் என்ற வழக்கத்தைத் தவிர எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. உயிரோடு இருக்கிறவர்களின் லயக் காம்பராவுக்கே, அந்த வரிசை வீட்டு அறைக்கே, பத்திரம் இல்லாத இடத்தில் இதை எதிர்பார்த்திருக்கவும் முடியாது.

வழக்கத்தை ஞாபகம் வைத்திருக்கிற ஆட்கள் இருக்கும்வரைதான் அது செல்லும். அதனால் கடதாசிக்கு முன்னால், ஆளைத் தேடினோம்.

எங்கள் தோட்டத்தில் குழி வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார், இப்போது பையன்களுக்கு இடம் காட்டுவதோடு சரி. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் தங்கச்சி புருஷனையும் கூட்டிக்கொண்டு போனேன். மானாப்புல் இடுப்பு வரை வளர்ந்திருந்தது. அப்பாவின் தலைமாட்டில் நட்ட பலகை எப்போதோ உக்கிப்போய்விட்டது. நான் மட்டும் போயிருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். பெரியவர் ஒரு கொய்யா மரத்தடியில் நின்று, அங்கிருந்து எட்டு வைத்து எண்ணி, கத்தியால் புல்லை வெட்டினார். "ஒங்கப்பாவுக்கு வெட்டும்போது இந்தப் பக்கம் கல்லு தட்டுச்சு. அதனால ஒரு முழம் தள்ளி வெட்டுனேன்" என்றார். மண்ணைக் கிளறியதும் அந்தக் கல் தெரிந்தது. பக்கத்தில் நாங்கள் அன்று நட்ட குரோட்டன் ஒரு கிளையோடு உயிரோடு இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கல் இருப்பதால் இடது பக்கம் குழி வெட்ட முடியாது. வலது பக்கம் இடம் இருந்தது, ஆனால் அதற்குக் கீழே மயானத்தின் பழைய எல்லையைத் தாண்டி இரண்டு வரிசை தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வரிசை மேலே ஏறியிருந்தால் அம்மாவுக்கு இடமே இருந்திருக்காது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தோட்டத்து மயானத்தில் அப்பா அம்மா இருந்தால், தயவுசெய்து இந்த வருஷமே ஒரு முறை போய்ப் பாருங்கள். இடத்தைக் காட்டத் தெரிந்த ஆளோடு போங்கள்.

அப்புறம் கடதாசி வேலை. துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: அம்மா எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை வேலை செய்தார், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் என்ன, அப்பா எங்கே இருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யவும் வண்டி உள்ளே வரவும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று. அப்பாவின் மரணச் சான்றிதழை இணைத்தேன், அதில் இறந்த இடமாகத் தோட்டத்தின் பெயரே இருக்கிறது. அதுதான் எங்களிடம் இருந்த நல்ல ஆதாரம்.

பெரிய கிளாக்கர் கடிதத்தை வாசித்துவிட்டு, "அம்மா நல்லாத்தானே இருக்காங்க? நடக்கும்போது பாத்துக்கலாம், இப்ப எதுக்கு?" என்றார். நடக்கும்போது பார்த்ததால்தான் அத்தை கேட்டில் கிடந்தார் என்று சொன்னேன். கடிதத்தை வாங்கி வைத்தார். இரண்டாவது முறை போனபோது அது காணாமல் போயிருந்தது. மூன்றாவது முறை தனியாகப் போகவில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையும், மரண சகாய சங்கத்துக் காரியதரிசியையும் கூட்டிக்கொண்டு, கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

துரை கேட்டது ஒரே கேள்வி: "ஒருவருக்குக் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்?" நியாயமான கேள்விதான். அதற்குத் தலைவர் நல்ல பதில் சொன்னார். பெயர் பெயராகக் கொடுக்க வேண்டாம், இந்தத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், புருஷனோ பெண்சாதியோ இங்கே அடக்கமாகியிருப்பவர்கள், இவர்களை ஒபிசுக்கு அறிவித்துவிட்டு அடக்கம் செய்யலாம் என்று பொதுவாக ஒரு கடிதம் கொடுங்கள், சங்கம் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொள்ளும் என்றார். நான்கு மாதம் கழித்து அந்தக் கடிதம் கையெழுத்தோடும் சீலோடும் வந்தது. ஒரு பிரதி கேட் காவல்காரரின் அறையில் ஒட்டியிருக்கிறது. சங்கத்துக் கொப்பியில் இதுவரை பதினொரு குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது.

அந்தச் சங்கத்தில் அம்மாவின் சந்தா பல வருஷமாக நின்றுபோயிருந்தது. பாக்கியைக் கட்டி மறுபடி சேர்த்தோம். கூடாரம், கதிரை, குழி வெட்டுகிற ஆட்கள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. டவுனில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்கிற ஒரு மலர்ச்சாலையில் பெட்டி விலை விசாரித்தேன். இப்போது பணம் கட்ட வேண்டாம், விலை மாறிக்கொண்டே இருக்கும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். அதற்கென்று தபால் நிலையச் சேமிப்புப் புத்தகத்தில் கொஞ்சம் போட்டு வருகிறோம்.

எதிர்பாராமல் இழுத்தது அம்மாவின் பெயர். கல்லில் பெயர் வெட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நான் ஒருமுறை பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போனபோது, மஹியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறையைப் பார்த்தோம். லூல்கந்துரத் தோட்டத்தில் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்டு, 1892-இல் இறந்தவர். அவரைப் பற்றி எழுதிய கல் இன்னும் நிற்கிறது. அந்தக் கதையை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "நட்டவருக்குக் கல்லு இருக்கு. கொழுந்தெடுத்த நமக்கும் ஒண்ணு இருக்கட்டும்" என்று அப்போதே சொன்னார்.

எந்தப் பெயரை வெட்டுவது? பிறப்புப் பதிவில் 'ஆயி' என்று முடிகிற பெயர், அடையாள அட்டையில் 'அம்மா' என்று முடிகிறது, ஈ.பி.எஃப். கடதாசியில் சிங்களத்திலிருந்து திருப்பி எழுதியதில் மூன்றாவது ஒரு பெயர். கல்லுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. மரணச் சான்றிதழில் ஒரு பெயரும் மற்றக் கடதாசிகளில் வேறு பெயரும் இருந்தால், பிள்ளைகள் பிறகு அலைய வேண்டும் என்று கிராம சேவகர் எச்சரித்தார். சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று பதிந்து வைத்தோம். கல்லில் மட்டும் அம்மாயி கூப்பிட்ட பெயரை வெட்டச் சொல்லிவிட்டார் அம்மா.

கிராம சேவகர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இறந்தால் காரணத்தை டாக்டர் எழுதிக் கொடுப்பார். வீட்டில் இறந்தால் கிராம சேவகரின் அறிக்கை வேண்டும், தோட்டத்துக்குள் என்றால் தோட்ட நிர்வாகத்தின் அறிக்கை. திடீர் மரணம் என்றால் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும். பதிவு செய்வது இறந்த இடத்தின் பதிவாளரிடம், புதைக்கிற இடத்தில் அல்ல. மூன்று மாதத்துக்குள் பதிந்துவிட வேண்டும். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும்போது ஏதாவது ஆனால் எங்கே பதிவது என்று நாங்கள் குழம்ப மாட்டோம்.

ஒன்றை மட்டும் அம்மா முன்கூட்டிச் செய்ய விடவில்லை. போகவந்தலாவையில் இருக்கிற தாய்மாமா, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை இப்போதே நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கவா என்று கேட்டார். "அத அன்னைக்கி எடு. மொதல்ல எடுத்து வச்சா பாக்கும்போதெல்லாம் ஒனக்கு அழுக வரும்" என்றார் அம்மா.

தை மாதம், பனி விலகி வெயில் வந்த ஒரு காலையில், அம்மாவைக் கூட்டிப் போனோம். அண்ணனும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். படியில்லாத ஏற்றத்தில் அம்மாவை இரண்டு பேர் கைபிடித்து ஏற்றினோம். புல்லை வெட்டித் துப்புரவாக்கி, நான்கு மூலையிலும் கல் நட்டு, வெள்ளை பெயின்ட் அடித்தோம். தெற்கே தலை இருக்க வேண்டும் என்று அம்மா கையால் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் மலை நேராகத் தெரிகிறது, அம்மா கடைசியாகக் கொழுந்தெடுத்த மலை. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் யாரோ அம்மாவை அடையாளம் கண்டு கூப்பிட்டார்கள். அம்மாவும் கையசைத்தார்.

பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லில் உட்கார்ந்து, மேட்டுப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனி ஆடியில போனா தண்ணி நிக்குமேடா" என்றார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி புருஷன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, நட்ட கல்லுக்கு மேலே போய், தண்ணீர் விலகிப் போக ஒரு கான் வெட்ட ஆரம்பித்தார். பெரியவர் கொய்யா மரத்தடியில் நின்று, இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார்.