காந்தம் சுற்றினால் காந்தப்புலமும் சுற்றுமா?

அக்கா பையன் பத்தாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவக்கூட விடாமல் கேட்டான்: "மாமா, ஒரு வட்டக் காந்தத்தை அச்சுல வச்சு பம்பரம் மாதிரி சுத்தினா, அதோட விசைக்கோடும் கூடவே சுத்துமா, இல்ல அப்படியே நிக்குமா?" சுற்றும்டா, காந்தத்தோட கோடுதானே, அது வேற எங்க போகும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து இருபது வருஷமாக மோட்டாரோடு குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன சந்தேகம் வரப்போகிறது?

வந்தது. அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் ஃபாரடேயின் தட்டு நினைவுக்கு வந்தது. 1831-ல் அவர் காந்த முனைகளுக்கு நடுவே ஒரு செப்புத் தட்டைச் சுற்றவிட்டு, அச்சிலிருந்து ஒரு கம்பி, விளிம்பிலிருந்து ஒரு கம்பி எடுத்து மின்சாரம் பார்த்தார். உலகத்தின் முதல் ஜெனரேட்டர் என்று படித்ததோடு நாமெல்லாம் நிறுத்திக்கொண்டோம். அவர் நிறுத்தவில்லை. தட்டை நிறுத்திவிட்டுக் காந்தத்தை மட்டும் அதன் அச்சிலேயே சுற்றினால் ஒன்றும் வரவில்லை. அப்புறம் தட்டையும் காந்தத்தையும் ஒட்டி, இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் மின்சாரம் வருகிறது! இரண்டுக்கும் இடையே அசைவே இல்லாதபோது எப்படி வரும்?

மறுநாள் வைண்டிங் கடை அண்ணனிடம் சொன்னேன். "ஃப்ளக்ஸ் வெட்டணும் தம்பி, வெட்டலைன்னா வராது, நீ எங்கயோ தப்பாப் படிச்சிருக்க" என்றார். ஃப்ளக்ஸ் என்று அவர் சொன்னது விசைக்கோடுகளை, கம்பி அவற்றைக் குறுக்கே கடக்க வேண்டுமாம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இயற்பியல் வாத்தியார் விதியைச் சொன்னார், மின்சுற்றுக்குள் போகும் ஃப்ளக்ஸ் மாறினால்தான் மின்னியக்கு விசை, அதாவது கரண்ட்டை ஓடவைக்கும் வோல்டேஜ். சரி, இங்கே எந்தச் சுற்றில் எது மாறுகிறது என்று கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அரைமணி நேரம் மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் அண்ணனே, "செஞ்சு பாத்துட்டு வா" என்று தன் ட்ரில்லிங் மெஷினைக் கொடுத்தார்.

50 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நியோடிமியம் காந்தம், அதே அளவுக்கு வெட்டிய செப்புத் தகடு, நடுவில் பற்றவைத்த பித்தளை போல்ட், விளிம்பில் உரச பழைய மிக்ஸியின் கார்பன் பிரஷ். முதலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்து ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன், வந்த சமிக்ஞை பிரஷ்ஷின் நடுக்கத்திலேயே காணாமல் போனது. கணக்குப்படி வோல்டேஜ் என்பது புலத்தின் வலிமை, கோணவேகம், ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கியதில் பாதி. ட்ரில் நிமிஷத்துக்கு 1500 சுற்று, புலம் கால் டெஸ்லா என்று வைத்தால் சுமார் 12 மில்லிவோல்ட்தான். அவ்வளவுதான் மொத்த ஜெனரேட்டரும்.

காந்தம் நிற்க, தட்டு மட்டும் சுற்றியபோது மல்டிமீட்டரில் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஆடியது. ட்ரில்லை ரிவர்ஸில் போட்டதும் மைனஸ். (இந்த மைனஸைப் பார்க்கும் வரை எனக்கு நம்பிக்கை இல்லை, கார்பன் உரசலிலேயே ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வந்துவிடும்.) காந்தம் மட்டும் சுற்றியபோது பூஜ்யம். நடுவில் காகிதம் வைத்து இரண்டையும் ஒட்டிச் சுற்றினால் மறுபடியும் அதே ஒன்பது, பத்து. பையன் குதித்தான்: "கோடு சுத்தலை மாமா, நிக்குது! நீங்க சொன்னது தப்பு!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃபாரடேயும் அந்த முடிவுக்குத்தான் வந்தார், விசைக்கோடு என்ற படத்தையே நமக்குக் கொடுத்த மனிதர், அந்தக் கோடு காந்தத்தோடு சேர்ந்து சுற்றாது என்றார். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கோடு சுற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது காந்தம் மட்டும் சுற்றும்போது கோடுகள் தட்டை வெட்டும், கூடவே வெளியே நிற்கும் மீட்டர் கம்பியையும் வெட்டும், இரண்டிலும் வருவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். ஒட்டிச் சுற்றும்போது தட்டில் ஒன்றும் இல்லை, கம்பியில் மட்டும் வரும், மீட்டர் அதே பத்தைத்தான் காட்டும். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான். என் ட்ரில்லும் மீட்டரும் இந்தச் சண்டையைத் தீர்க்கவே முடியாது, ஏனென்றால் மீட்டர் பார்ப்பது முழுச் சுற்றை, தட்டை மட்டும் அல்ல.

அப்போது பையன் கேட்டதுதான் சாவி: "மீட்டரையும் தட்டுலயே ஒட்டிச் சுத்தினா?" பூஜ்யம்தான் வரும், போட்டுப் பார்த்தேன், காகிதத்தில். ஆக அசைவு வேண்டியது தட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே அல்ல, தட்டுக்கும் கம்பிக்கும் நடுவே. காந்தம் சுற்றினால் என்ன, நின்றால் என்ன! தட்டில் இருக்கும் எலக்ட்ரான் புலத்துக்குள் ஓடுகிறது, ஓடுகிற மின்னூட்டத்தைப் புலம் பக்கவாட்டில் தள்ளுகிறது, அது அச்சுக்கோ விளிம்புக்கோ ஒதுங்குகிறது. சமச்சீரான காந்தம் தன் அச்சில் சுற்றும்போது எந்த இடத்திலும் புலத்தின் அளவோ திசையோ மாறுவதில்லை, எனவே "புலம் சுற்றுகிறது" என்ற வாக்கியத்துக்கே பொருள் இல்லை. இரும்புத்தூள் தூவிப் படம் போட்டுப் போட்டு, காந்தத்துக்கு முடி முளைத்திருக்கிறது என்றே நம்பிவிட்டோம்.

ஐன்ஸ்டீன் 1905-ல் எழுதிய சார்பியல் கட்டுரை தொடங்குவதே காந்தமும் கம்பியும் என்ற இந்தத் தகராறில்தான். நடுவே ஓரிடத்தில், இந்த வகை எந்திரத்தில் மின்னியக்கு விசை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்விக்கே இனி அர்த்தமில்லை என்று ஒரே வரியில் கடந்து போய்விடுகிறார். எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது.

இதே எந்திரத்தை வைத்துத்தான் "இலவச மின்சாரம்" வீடியோக்களும் சுற்றுகின்றன. காந்தமும் தட்டும் ஒன்றாகச் சுற்றுவதால் எதிர்விசையே கிடையாதாம். கரண்ட் எடுத்தால் தட்டை அது பிடித்து இழுக்கத்தான் செய்யும், எதிர்விசை போய் விழுவது வெளியே நிற்கும் கம்பியின் மேல், அவர்கள் அங்கே பார்ப்பதில்லை. வோல்டேஜ் சொற்பம், கரண்ட் பூதம், இதுதான் இதன் குணம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இயற்பியலாளர் மார்க் ஒலிஃபன்ட் கட்டிய இதே வகை எந்திரம் 500 மெகாஜூல் ஆற்றலைச் சேர்த்துவைத்து 20 லட்சம் ஆம்பியர் வரை கொடுத்தது. அதற்கும் யாரோ முதலில் சுற்றிவிட வேண்டியிருந்தது.

ட்ரில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் சக்கில் இப்போது இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டுகிறது என்று அண்ணன் தினமும் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார்.