நல்லதாய்ப் போயிற்று, டாக்டர்

அந்த அம்மாளின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது. கட்டி 7 மில்லிமீட்டர், தைராய்டுக்குள்ளேயே அடங்கியது, வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை. இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். கடைசி வரியில், சுரப்பியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சிறு நெறிக்கட்டியில் புற்றுநோய்ச் செல்கள் தென்படுகின்றன என்று இருந்தது. என் உதவி மருத்துவர் அதைப் படித்ததும், "நல்ல வேளை சார், விட்டுவைக்காமல் எடுத்துவிட்டோம்" என்றார்.

அவருக்கு நான் பெரிய பாடமே நடத்தினேன். இந்த வகைப் புற்றில் அறுத்துத் தேடினால் கணிசமானோரின் நெறிக்கட்டிகளில் செல்கள் கிடைக்கும், அப்படிக் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே ஆயுளோடுதான் வாழ்கிறார்கள், ஆகவே இந்த வரி நாம் செய்தது சரி என்று நிரூபிக்கவில்லை, தவறு என்றும் நிரூபிக்கவில்லை என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நோயாளியிடம் இவற்றில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

அவர் என்னிடம் வரும்போதே ஊசி வைத்துச் செல் பரிசோதனை செய்து, 'பாப்பில்லரி கார்சினோமா', அதாவது தைராய்டுப் புற்றில் ஒரு வகை, என்று எழுதிய தாளோடுதான் வந்தார். கழுத்து வலிக்காக யாரோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. நானும் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தேன். கருமையாக, அகலத்தைவிட உயரம் கூடுதலாக, உள்ளே தூவிய உப்பைப் போல வெண்புள்ளிகளோடு இருந்தது. பாடப்புத்தகப் படம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியில், வேறு ஆபத்தான அறிகுறி இல்லாவிட்டால், ஊசியே வைக்க வேண்டாம் என்பது 2015-இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொன்னது. ஆனால் ஊசி வைத்தாகிவிட்டது. பெயரும் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கும் சிகிச்சை எதுவும் எங்களிடம் இல்லை.

"இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று பார்ப்போம்" என்றேன்.

என் யோசனை என் சொந்தச் சரக்கு அல்ல. ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் யோசனைப்படி 1993 முதல் இப்படிப்பட்ட சிறு கட்டிகளை வெட்டாமல் கண்காணித்து வருகிறார்கள். 2014-இல் 1,235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவர்கள் 8 சதவீதம். நெறிக்கட்டியில் புதிதாகத் தெரியவந்தவர்கள் 3.8 சதவீதம். இந்தப் புற்றால் இறந்தவர் ஒருவரும் இல்லை. வளர்ந்த பிறகு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் தாமதத்தால் கெடுதல் வரவில்லை. வெட்டிப் பிழைக்கும் தொழிலில் இருப்பவன் ஒருவன் வெட்டாமல் பார்க்கலாமே என்று கேட்டதற்கு இந்தத் துறையில் கொடுக்கவேண்டிய மரியாதை இன்னும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் எண்களோடு சொன்னேன். அவர் கணக்கு வழக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவர். எண்களைக் கண்டு மிரளவில்லை. தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின ராத்திரி எனக்கு என்ன ஆகும் என்பதற்கு யாராவது கணக்கு எடுத்திருக்கிறார்களா, டாக்டர்?"

எடுத்திருக்கிறார்கள். கூமா நோயாளிகளிடமே கேட்டிருக்கிறார்கள். கவலை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் காலப்போக்கில் குறைந்துவிட்டதாகப் பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். அதையும் சொன்னேன்.

"உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்தால்?"

"காத்திருக்கத்தான் சொல்வேன்."

"சொல்வீர்கள். அவர்கள் கேட்பார்களா?"

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால் அந்தச் சிரிப்பிலேயே பாதி ஒப்புதல் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. என் மனைவி கேட்பாளா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன், கேட்கமாட்டாள் என்று தெரிந்தது, அதனால் சிரித்தேன். அடுத்த முறை கணவரோடு வந்தார், அறுவை வேண்டும் என்றார், பாதிச் சுரப்பியை மட்டும் எடுக்கச் சம்மதித்தேன். மறுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். காத்திருப்பதற்கு இடம் கொடுத்த அதே 2015 வழிகாட்டுதல் அறுவையையும் தள்ளிவைக்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவர், விவரம் கேட்டுக்கொண்ட பிறகு, தன் கழுத்தைப் பற்றி எடுத்த முடிவு அது. நான் மறுத்திருந்தால் வேறொருவர் சுரப்பி முழுவதையும் எடுத்திருப்பார். இந்த வாதத்தை எத்தனையோ முறை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எங்கும் இடறவில்லை. இடறாமல் ஓடுவதே ஒரு சந்தேகம்.

அறுவைக்குப் பிறகு சில வாரம் குரல் கம்மியிருந்தது. குரலுக்கான நரம்பு நன்றாகத்தான் இருந்தது, சுரப்பியின் அடியில் அதைப் பிரித்துக் கண்ணால் பார்த்துத்தான் ஒதுக்கினேன். இருந்தாலும் இழுபட்டிருக்கும். குரல் திரும்பிவிட்டது. மீதிப் பாதி போதவில்லை என்பதால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவர் இவற்றை நஷ்டக் கணக்கில் எழுதவே இல்லை.

ரிப்போர்ட்டோடு வந்த அன்றைக்கு அந்தக் கடைசி வரியை அவரே படித்திருந்தார். "நீங்கள் காத்திருக்கச் சொன்னீர்கள். நான் பிடிவாதம் பிடித்தேன். நல்லதாய்ப் போயிற்று, டாக்டர்" என்றார். குத்திக்காட்டும் தொனி இல்லை. கண் கலங்கியிருந்தது. கணவர் கைகூப்பினார்.

நான் சொன்னது: "எல்லாம் நன்றாக இருக்கிறது. மாத்திரையை மட்டும் விடாதீர்கள்."

என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அம்மா, இந்த நெறிக்கட்டியோடே எண்பது வயதுவரை நீங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம்' என்றா? அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அவரைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு உண்மை. அவருக்கு உண்மையா என்று அறிய அதே உடம்பு இன்னொன்று வேண்டும், அதை வெட்டாமல் விட்டு, முப்பது நாற்பது வருடம் பார்க்க வேண்டும். தேவையில்லாமல் கண்டுபிடிக்கப்பட்ட நோய் என்பது கூட்டத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சுட்டிக்காட்டவே முடியாது. பிழைத்தவர் எல்லாரும் காப்பாற்றப்பட்டவராகத்தான் தெரிவார்கள், தமக்கும் சரி, நமக்கும் சரி.

கூட்டத்தில் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதற்குத் தென்கொரியாவைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அங்கே 1999-இல் அரசு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று மருத்துவமனைகள் அழைத்தன. 2011-இல் தைராய்டுப் புற்று கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். இறப்பு மட்டும் அசையவே இல்லை, வருடத்துக்கு முந்நூறு நானூறு என்று இருந்த இடத்திலேயே நின்றது. கண்டறியப்பட்டவர்கள் அநேகமாக எல்லாரும் அறுவை செய்துகொண்டார்கள். அவர்களில் 11 சதவீதத்தினருக்குக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்தன, 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் முடங்கியது. 2014-இல் அங்குள்ள மருத்துவர்கள் சிலரே எழுந்து நின்று இந்த ஸ்கேன் வேண்டாம் என்றார்கள். ஒரே ஆண்டில் அறுவைகள் 35 சதவீதம் குறைந்தன.

இது 1985-லேயே ஊகித்திருக்கக்கூடிய விஷயம். பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக நறுக்கிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் சிறு புற்று இருந்தது. யாருக்கும் தெரியாமல் இருந்தது, யாரையும் கொல்லாமலும் இருந்தது. ஆனால் அப்போதைய ஸ்கேன் கருவிகளுக்கு இன்றைய கண் இல்லை. கருவிகளுக்குப் பார்வை கூடிய அளவுக்கு, பார்த்ததை என்ன செய்வது என்ற புத்தி எங்களுக்குக் கூடவில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு, அதை மறைத்தால் நான் சொல்வது பிரசாரம் ஆகிவிடும். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பாலில் கலந்த கதிரியக்க அயோடினால் சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்குத் தைராய்டுப் புற்று உண்மையிலேயே கூடியது. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்த அணு உலை விபத்துக்குப் பிறகு அதே பயத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் சிறுவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் செய்தார்கள். முதல் சுற்றிலேயே நூறு பேருக்கு மேல் புற்று அல்லது புற்றென்ற சந்தேகம். பெற்றோர்களுக்கு அது கதிர்வீச்சின் கணக்கு. ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு அதைக் கூர்மையான ஸ்கேன் கருவியின் கணக்காகவே பார்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அமைத்த நிபுணர் குழுவும் 2018-இல், அணு விபத்துக்குப் பிறகுகூட மொத்த மக்களுக்கும் தைராய்டு ஸ்கேன் செய்யாதீர்கள் என்றது. ஆனால் அந்த நூறு பேரில் ஒரு பையனின் தாய்க்கு இதை எந்த முகத்தோடு போய் விளக்குவது? விளக்கினாலும், தன் மகனுடையது எந்தக் கணக்கு என்று அவள் கேட்டால்?

என் மௌனத்துக்கு இதைத்தான் சாக்காகச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மனுஷிக்குக் கிடைத்த நிம்மதியைப் புள்ளிவிவரத்தைக் காட்டிப் பிடுங்க எனக்கு அதிகாரம் இல்லை. குரல் கம்மி, மாத்திரை, கழுத்தில் ஒரு தழும்பு என்று விலை கொடுத்து வாங்கிய நிம்மதி வேறு. அதை வீண் செலவு என்று சொல்வதில் என்ன வைத்தியம் இருக்கிறது? மறுபக்கம், நான் சும்மா இருந்த அந்த அரை நிமிடத்தில் ஒரு கதை முழுதாக உருவாகி வெளியே போய்விட்டது. டாக்டர் சும்மா இருக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை, பிழைத்தேன். இதைவிடக் கச்சிதமான கதையைக் கூமா மருத்துவமனை நினைத்தாலும் எழுத முடியாது. 1,235 பேரில் பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல் இருந்தார்கள் என்பது கதையே அல்ல. ஒன்றும் ஆகாததை யார் யாரிடம் உட்கார்ந்து சொல்லப்போகிறார்கள்?

சொல்லாமல் இருந்ததில் கருணை எவ்வளவு, சௌகரியம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். நன்றி சொல்ல வருபவர்களை மறுத்துப் பேசுவது எந்த மருத்துவருக்கும் கஷ்டம். அறுவை மருத்துவருக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவருடைய பெயரே அந்த நன்றிகளால் ஆனது. என் உதவி மருத்துவர் ஒருநாள், "நீங்கள் எனக்குச் சொன்னதில் பாதியை அவர்களிடம் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்கு அடுத்த கேள்வி, 'அப்படியானால் எதற்கு வெட்டினீர்கள்?' என்பதாகத்தானே இருந்திருக்கும் என்று கேட்டேன். "ஆமாம் சார்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சில மாதம் கழித்து அந்த அம்மாளின் தங்கை வந்தார். தொந்தரவு ஒன்றும் இல்லை, அக்கா சொன்னதால் கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார். 5 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டுப் புற்றைத் தேடிப் பரிசோதிப்பதே கூடாது என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2017-இல் சொல்லிவிட்டது. அதையெல்லாம் அவரிடம் பேசிப் பயனில்லை. இந்த முறை உறுதியாக இருந்தேன். இவ்வளவு சிறியதில் ஊசி வைக்க மாட்டேன், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்றேன்.

"அக்காவுக்குச் செய்தீர்களே?"

"அக்காவுக்கும் முதலில் காத்திருக்கத்தான் சொன்னேன் அம்மா."

"தெரியும் டாக்டர். அதனால்தான் அக்கா, அவர் கைராசிக்காரர், ஆனால் சொல்வதை அப்படியே கேட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினாள்."

ஒரு வருடம் கழித்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஸ்கேன் படத்தின் உறையையும் மறக்காமல் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.