மாங்குளம் வீட்டில் லைற் வயரிங்கைத் திரும்பச் செய்தபோது

வைகாசி மாதம் குசினி பல்பை மாற்றப் போன அம்மாவுக்குக் கரண்ட் அடித்தது. சுவிட்சை நிற்பாட்டிவிட்டுத்தான் கதிரையில் ஏறியிருக்கிறார். விழுந்து கை வீங்கியதோடு தப்பினார். நிற்பாட்டிய சுவிட்சில் எப்படிக் கரண்ட் வரும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.

மீள்குடியேறி வீடு கட்டிய நேரம், கையிலிருந்த காசுக்கு ஒருவர் வயரிங் செய்து தந்திருந்தார். ஜாம்போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பல்ப் எரிந்ததே போதும் என்று இருந்துவிட்டோம்.

இந்த முறை வயரிங் வேலைக்கு வந்த தம்பி, சுவிட்சை நிற்பாட்டிவிட்டு ஹோல்டருக்குள் ரெஸ்ரரை வைத்துக் காட்டினார். சிவப்பாக எரிந்தது. "அக்கா, பேஸ் நேரா பல்புக்குப் போகுது. சுவிட்ச் நியூட்றலைத்தான் வெட்டுது. பல்ப் நூரும், ஆனா உள்ளுக்கு 230 வோல்ட் நிக்கும்." பேஸ் கரண்டைக் கொண்டுவரும் வயர், நியூட்றல் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் வயர். லைற் சுவிட்ச் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். வயரிங் விதிகளில் இதைவிட அடிப்படையான ஒன்று இருக்குமோ தெரியவில்லை, எங்கள் வீட்டில் அதுவே பிழையாக இருந்தது. ஒழுகும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயரும் எங்கும் இல்லை.

சரி, முழுவதையும் கழற்றுவோம் என்று முடிவெடுத்தோம்.

பிளாஸ்ரிக் ஹோல்டருக்கு எர்த் எதற்கு என்று நானும் கேட்டேன். இன்றைக்குப் பிளாஸ்ரிக், நாளைக்கு யாராவது இரும்பு விளக்கைக் கொண்டுவந்து மாட்டுவார்கள் என்றார். பிஎஸ் 7671 என்ற பிரித்தானிய விதிப்படி ஒவ்வொரு லைற் பொயின்றுக்கும் சுவிட்சுக்கும் எர்த் வயர் போக வேண்டும். லைற்றுக்கு 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும், கிணற்றடி லைற் தூரம் என்பதால் 1.5 வாங்கினோம். இரண்டு சேர்க்கிற், ஒவ்வொன்றுக்கும் 6 ஆம்பியர் பிரேக்கர். ஒன்று விழுந்தால் முழு வீடும் இருளாது.

எர்த் கம்பியைக் கிணற்றடி ஈரத்தில் அடித்தார். ஆவணி வெயிலில் எங்கள் மண் காய்ந்து கல்லாகிவிடும், எர்த்தின் தடையும் ஏறிவிடும். தடை 100 ஓம் என்று வையுங்கள், ஒழுகினாலும் 2.3 ஆம்பியர்தான் ஓடும். 6 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. அதனால்தான் கரண்ட் எர்த்துக்கு ஒழுகினால் வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ட்றிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். காசில்லை என்று எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வேலை முடிந்து ஒரு கிழமை நன்றாக இருந்தது. அப்புறம் அயன் போட்டால் ட்றிப் விழத் தொடங்கியது. லைற் எரியும், ரிவி ஓடும், அயன் போட்டால் மட்டும் விழும். பக்கத்து வீட்டு அயனைக் கொண்டுவந்து போட்டோம், அதற்கும் விழுந்தது. பிளக் பொயின்றைக் கழற்றிப் பார்த்தோம், பிழையே இல்லை. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் தம்பி, வயரின் தோல் கரண்டை ஒழுகவிடுகிறதா என்று அளக்கும் மெகர் கருவியை இரவல் வாங்கி வந்தார். மெயினை நிற்பாட்டி, நியூட்றல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்டில் எர்த்தோடு சோதித்தார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். இரண்டாவது லைற் சேர்க்கிற் 0.00 காட்டியது. பிழை அயனில் இல்லை, லைற்றின் நியூட்றலில்! பிரேக்கர் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்றல் எப்போதும் மற்றச் சேர்க்கிற்றுகளின் நியூட்றலோடு சேர்ந்தே நிற்கும். அயனின் 4 ஆம்பியர் திரும்பிப் போகும்போது அதில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்கு ஒழுக, ட்றிப் விழுகிறது. லைற்றும் ரிவியும் இழுக்கும் கொஞ்சக் கரண்டில் ஒழுகுவது அதை விழுத்தப் போதவில்லை.

சுவரோடு சுவராகத் தேடி, மண்டபத்தில் அப்பாவின் படத்தடியில் நின்றோம். வயரிங் முடிந்த பிறகு அந்த ஆணியை அடித்தது நான்தான். தம்பி குறட்டால் இழுத்தார். ஆணியின் நுனியில் நீலப் பிளாஸ்ரிக் சிராய் ஒட்டியிருந்தது, நியூட்றல் வயரின் தோல்.

சுவருக்குள் மறையும் வயர் குழாய் சுவிட்சிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, அல்லது நேர் பக்கமாகப் போக வேண்டும். ஆணி அடிப்பவர் சுவிட்சைப் பார்த்தே எங்கே அடிக்கக்கூடாது என்று ஊகிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. அந்த இடத்தில் கொங்கிறீற் பீமை விலத்தத் தம்பி குழாயைச் சரிவாக இறக்கியிருந்தார். "என்ரை பிழை அக்கா" என்று சொல்லி, தன் செலவிலேயே கொத்தி நேராக்கித் தந்தார். சீமெந்து பூசுமுன் எல்லாச் சுவரையும் ஃபோனில் படமெடுத்து வைத்தேன். முதல் தடவையே எடுத்திருக்க வேண்டும்.

கடைசி அளவில் மெகர் 200க்கு மேல் காட்டியது. தம்பி சாமானைக் கட்டும்போது அம்மா அப்பாவின் படத்தோடு வந்து, சுவிட்ச் இல்லாத சுவரில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதிலை அடிக்கலாமோ தம்பி?"

ஃபோனில் அந்தச் சுவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அடியுங்கோ அம்மா" என்றார்.